எலக்ட்ரிக்கல் வேலையில் ஆபத்தைக் கண்டுபிடிப்பதும் கட்டுப்படுத்துவதும்: முழுமையான வழிகாட்டி

வயரிங் வேலையில் ஷாக் வாங்கியவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால், பலரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "ஆஃப்ல இருக்குன்னு நினைச்சேன்." கரண்ட் இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் எல்லோரும் கவனமாகத்தான் கை வைக்கிறோம். இல்லை என்று நம்பிய இடத்தில்தான் ஆள் போகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரு கேள்விதான் இருக்கிறது. இதில் சப்ளை இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

புதிதாக வேலைக்கு வந்தவர்களையும், பல வருடமாக வேலை செய்து பழகிப்போனவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பழகிப்போனவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

உடம்புக்கு எவ்வளவு கரண்ட் போதும்

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு மில்லி ஆம்பியர் அளவிலேயே சுருக்கென்று உணர ஆரம்பிப்போம். 10 மில்லி ஆம்பியரை ஒட்டி கைத்தசை இறுகிவிடும், பிடித்த வயரை விட நினைத்தாலும் விட முடியாது. 30 மில்லி ஆம்பியர் அளவில் மூச்சுத் தசைகள் வேலை செய்யத் திணறும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் சில நொடிகள் நெஞ்சு வழியாகப் பாய்ந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகலாம். ஆளுக்கு ஆள், பாயும் வழிக்கு வழி, நேரத்துக்கு நேரம் இது மாறும். ஆனாலும் எல்லாமே மில்லி ஆம்பியர்தான் என்பதைக் கவனியுங்கள்.

கைக்குக் கை உடம்பின் ரெசிஸ்டன்ஸை ஏறக்குறைய 1,000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். வியர்வையில் ஊறிய கை என்றால் இன்னும் கூடும். ஆனால் 16 ஆம்பியர் எம்சிபிக்கு (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) கால் ஆம்பியர் என்பது சாதாரண லோடு. அது டிரிப் ஆகவே ஆகாது. எம்சிபி காப்பாற்றுவது வயரை, ஆளை இல்லை.

ஆளைக் காப்பாற்ற இருப்பது ஆர்சிடி, அதாவது போன கரண்ட் முழுவதும் திரும்பி வராமல் எங்கோ கசிந்தால் சப்ளையை வெட்டும் கருவி. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி, அந்த அளவு கசிவு வந்தால் 300 மில்லி செகண்டுக்குள்ளும், அதைப்போல ஐந்து மடங்கு வந்தால் 40 மில்லி செகண்டுக்குள்ளும் சப்ளையை வெட்ட வேண்டும். அப்போதும் ஷாக் அடிக்கும், ஆனால் நேரம் குறையும், உயிர் மிஞ்சும். இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை: உலர்ந்த ஃபைபர் ஏணியில் நின்றுகொண்டு ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் ஆர்சிடி அசையாது. போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருவதால் நீங்கள் அதற்கு இன்னொரு லோடு, அவ்வளவுதான். "ஆர்சிடி இருக்கு, பரவாயில்லை" என்று லைனில் கை வைப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

படி 1: டூல் பையைத் திறப்பதற்கு முன் சுற்றிப் பார்ப்பது

வேலை இடத்துக்குப் போனதும் பத்து நிமிடம் எதையும் தொடாமல் பாருங்கள். இங்கே சப்ளை எங்கிருந்தெல்லாம் வருகிறது? மெயின் லைன் ஒன்று, சரி. ஜெனரேட்டர் இருக்கிறதா? இன்வெர்ட்டர், யுபிஎஸ்? கூரையில் சோலார் பேனல்? ஒரே பெட்டிக்குள் வேறொரு பேனலிலிருந்து கண்ட்ரோல் சப்ளை வருகிறதா? கெப்பாசிட்டர் பேங்க் (சார்ஜைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர்களின் தொகுப்பு)? மெயினை ஆஃப் செய்தாலும் இவற்றில் ஒவ்வொன்றும் தனியாக உயிரோடு இருக்கும்.

அடுத்து, கண்ணும் மூக்கும் சொல்வதைக் கேளுங்கள். பழுப்பேறிய சாக்கெட், கருகிய வாசனை, உருகி வளைந்த இன்சுலேஷன், டிபி பாக்ஸுக்கு (எம்சிபிகள் இருக்கும் பகிர்வுப் பெட்டி) மேல் ஈரம் படிந்த சுவர், எம்சிபியை ஒரு பக்கம் பிடித்து நிறுத்த யாரோ வைத்த கம்பித்துண்டு. லேபிள் இல்லாத டிபியும் ஆபத்துதான். தப்பான லேபிள் ஒட்டிய டிபி அதைவிட ஆபத்து.

கலரை நம்பாதீர்கள். பழைய முறையில் நீலம் மூன்றாவது ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். இப்போதைய ஐஇசி (சர்வதேச மின்தரநிலை) முறையில் நீலம் நியூட்ரல், பழுப்பும் கறுப்பும் சாம்பலும் ஃபேஸ். அதாவது ஒரே கட்டடத்தில் பழைய பகுதியிலும் புதிய பகுதியிலும் கறுப்பு வயர் நேர் எதிரான வேலை செய்துகொண்டிருக்கலாம். கையில் கிடைத்த கலரில் வயர் இழுத்தவர்களின் கைவேலை வேறு. பச்சை மஞ்சள் வயரில் ஃபேஸ் வருவதும் நடக்கிற காரியம்தான்.

பார்த்ததை எழுதுங்கள். பெரிய ஃபாரம் வேண்டாம், ஒரு தாள் போதும். எது ஆபத்து, யாருக்கு, நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு மோசம், என்ன செய்யப்போகிறோம். மண்டையில் வைத்துக்கொள்கிறேன் என்றால் மதியத்துக்குள் மறந்துவிடும். உதவிக்கு இருக்கும் பையனுக்கு அது தெரியவே போவதில்லை.

கட்டுப்படுத்துவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தையே எடுத்துவிட முடியுமா என்று பாருங்கள், அதாவது சப்ளையை வெட்டிவிட்டு வேலை செய்வது. முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ளதற்கு மாறுங்கள்: வயர் இழுபடும் டிரில்லுக்குப் பதில் பேட்டரி டிரில். அப்புறம் தடுப்பு, மூடி, ஆர்சிடி. அதற்குப் பிறகு பூட்டு, எச்சரிக்கை அட்டை, வேலை அனுமதிச் சீட்டு. கையுறையும் கண்ணாடியும் கடைசி. நிறைய இடங்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கையுறையைக் கொடுத்துவிட்டு லைனிலேயே வேலை செய்யச் சொல்கிறார்கள். மேலே உள்ள நாலும் முடியாது என்று உறுதியான பிறகுதான் கையுறையை நம்பி இறங்க வேண்டும்.

படி 2: வெட்டுவது, பூட்டுவது

லோடுகளை முதலில் ஆஃப் செய்து, பிறகு சர்க்யூட்டின் எம்சிபியையோ ஐசோலேட்டரையோ (சப்ளையிலிருந்து பிரித்து வைக்கும் ஸ்விட்ச்) ஆஃப் செய்யுங்கள். லோடு ஓடும்போது ஐசோலேட்டரை இழுத்தால் உள்ளே ஆர்க் (காற்றில் பாயும் மின்தீப்பொறி) அடிக்கும். பல ஐசோலேட்டர்கள் லோடை வெட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

ஆஃப் செய்ததும் பூட்டுங்கள். எம்சிபியின் நாபில் மாட்டுகிற சிறிய லாக் கிடைக்கிறது. அதில் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. ஒவ்வொருவரும் அவரவர் பூட்டை அவரவர்தான் திறக்க வேண்டும். இன்சுலேஷன் டேப் ஒட்டுவது பூட்டு ஆகாது, அதைப் பிய்க்க ஒரு நொடி போதும். பழைய கட்டடத்தில் ஃபியூஸ் என்றால் அதைக் கழற்றி உங்களோடு எடுத்துப் போங்கள். டிபி மேல் வைத்துவிட்டுப் போனால் வேறு யாராவது நல்ல எண்ணத்தில் திரும்பப் போட்டுவிடுவார்கள்.

அட்டையில் பெயர், நேரம், என்ன வேலை என்று எழுதி மாட்டுங்கள். "ஆட்கள் வேலை செய்கிறார்கள், ஆன் செய்யாதீர்கள்" என்று மட்டும் எழுதினால், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஒருவர் சலித்துப்போய் ஆன் செய்துவிடுவார்.

இரண்டு விஷயம் இங்கே அடிக்கடி தவறிப்போகிறது. மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்தாலும் அதன் உள்வரும் டெர்மினலில் சப்ளை இருந்துகொண்டேதான் இருக்கும். டிபியின் மூடியைக் கழற்றியதும் அந்த டெர்மினல்களைத் தனியாக மூடிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அடுத்தது, சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டுமே வெட்டுகிறது. நியூட்ரல் அப்படியே மற்ற சர்க்யூட்டுகளோடு சேர்ந்தேதான் இருக்கிறது.

படி 3: இல்லை என்று நிரூபிப்பது

"ஆஃப் பண்ணிட்டேன் அண்ணே" என்று கீழேயிருந்து குரல் வரும். அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. ஏதோ ஒன்றை ஆஃப் செய்திருக்கிறான். அது நீங்கள் தொடப்போகும் சர்க்யூட்தானா என்பது வேறு விஷயம். குரலை வைத்து வயரைத் தொடாதீர்கள்.

நியான் டெஸ்டரையும் நம்பாதீர்கள். அது எரிவது உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும் துளிக் கரண்ட்டால். ஃபைபர் ஏணியிலோ ரப்பர் பாயிலோ நின்றால் சரியாக எரியாது. வெயிலில் எரிவதே தெரியாது. எரிந்தால் சப்ளை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எரியாவிட்டால் எதுவும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். தொடாமல் பீப் அடிக்கும் பேனா டெஸ்டரும் அப்படித்தான், கவசம் உள்ள கேபிளில் அது வாயே திறக்காது.

இரண்டு முனை கொண்ட வோல்டேஜ் டெஸ்டரை எடுங்கள். செய்ய வேண்டிய முறை இது. முதலில், சப்ளை இருக்கிறது என்று தெரிந்த ஓரிடத்திலோ அல்லது சோதனைக்கென்று வரும் சிறு கருவியிலோ வைத்து டெஸ்டர் வேலை செய்கிறது என்று பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் பாருங்கள். த்ரீ ஃபேஸ் என்றால் ஃபேஸுக்கு ஃபேஸ் 3, ஃபேஸுக்கு நியூட்ரல் 3, ஃபேஸுக்கு எர்த் 3, நியூட்ரலுக்கு எர்த் 1, மொத்தம் 10 சோதனை. முடித்ததும் திரும்பவும் முதல் இடத்துக்கே போய் டெஸ்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் டெஸ்டரின் வயர் அறுந்திருந்தால் பத்து சோதனையிலும் பூஜ்யம்தான் காட்டும். பூஜ்யத்தைப் பார்த்து நிம்மதியாகக் கை வைப்பீர்கள்.

ஃபேஸை வெட்டியாச்சே, நியூட்ரலில் என்ன ஆபத்து என்று கேட்பவர்கள் உண்டு. கடன் நியூட்ரல் என்ற ஒன்று இருக்கிறது. மாடிப்படி லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழும் மேலும் ஸ்விட்ச் வைக்கும்போது வயர் மிச்சப்படுத்த, கீழ்த்தளத்து சர்க்யூட்டிலிருந்து ஃபேஸையும் மேல்தளத்து சர்க்யூட்டிலிருந்து நியூட்ரலையும் எடுத்திருப்பார்கள். நீங்கள் மேல்தளத்து எம்சிபியை ஆஃப் செய்து, பூட்டி, சோதித்து, அந்த நியூட்ரல் ஜாயிண்டைப் பிரிக்கிறீர்கள். பிரிக்கும் வரை அது எர்த் அளவிலேயே இருந்ததால் டெஸ்டர் எதையும் காட்டியிருக்காது. பிரித்த அந்த நொடியில், கீழ்த்தளத்து ஃபேஸ் பல்பு வழியாக வந்து உங்கள் கையிலிருக்கும் நியூட்ரல் முனையில் நிற்கும். அதனால் நியூட்ரலைப் பிரிக்கும் முன் கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் கருவி) அதில் மாட்டிக் கரண்ட் ஓடுகிறதா பாருங்கள், பிரித்த பிறகு இரண்டு முனைகளையும் திரும்பச் சோதியுங்கள். சந்தேகம் இருந்தால் முழு டிபியையும் ஆஃப் செய்துவிடுவதே உத்தமம்.

படி 4: ஆஃப் ஆகாதவை

சோலார் பேனலுக்கு ஆஃப் ஸ்விட்ச் கிடையாது. வெளிச்சம் இருக்கும் வரை அதன் முனைகளில் டிசி வோல்டேஜ் இருக்கும், வரிசையாகக் கோர்த்தால் சில நூறு வோல்ட் முதல் 1,000 வோல்ட் வரை போகும். ஏசி ஆர்க் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் பூஜ்யத்தைத் தொடுவதால் அணைய வாய்ப்பு உண்டு. டிசிக்கு அந்தப் பூஜ்யமே இல்லை, பிடித்தால் எரிந்துகொண்டே இருக்கும். லோடு ஓடும்போது சோலார் கனெக்டரைப் பிடுங்கக் கூடாது என்பது இதனால்தான். முதலில் இன்வெர்ட்டரை ஆஃப், அடுத்து ஏசி பக்கம், அப்புறம் டிசி ஐசோலேட்டர், கரண்ட் பூஜ்யம் என்று டிசி கிளாம்ப் மீட்டரில் பார்த்த பிறகுதான் கனெக்டர்.

கெப்பாசிட்டரும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெரிய டிரைவும் ஆஃப் செய்த பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். லேபிளில் போட்டிருக்கும் நேரம் காத்திருந்து, அளந்து பார்த்துத்தான் தொட வேண்டும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்து இறக்குவது முகத்தில் உலோகத் துளி தெறிக்க வைக்கும் வேலை.

ஜெனரேட்டரை சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் (ஒரு நேரத்தில் ஒரு சப்ளையை மட்டும் இணைப்பது) இல்லாமல் நேரடியாக டிபியில் சொருகுகிறவர்கள் தங்களுக்கு மட்டும் ஆபத்தை உண்டாக்கவில்லை. அந்தச் சப்ளை மீட்டரைத் தாண்டித் திரும்பி ஓடி, தெருவிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரில் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறி, லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய ஆளை அடிக்கும்.

படி 5: லைனில் அளந்தே ஆக வேண்டும் என்றால்

பழுது பார்க்கும்போது சில அளவுகளைச் சப்ளையோடுதான் எடுக்க முடியும். எடுக்கலாம், ஆனால் அளப்பதோடு நிறுத்துங்கள். அந்த நிலையில் ஸ்க்ரூவை முறுக்குவது வேறு வேலை.

மீட்டரில் கேட் எண் (CAT, எந்த இடம் வரை பாதுகாப்பாக அளக்கலாம் என்ற தரம்) பாருங்கள். டிபிக்குள் அளக்கக் குறைந்தது கேட் 3, சப்ளை கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் கேட் 4. மீட்டருக்கு எழுதியிருந்தால் போதாது, ப்ரோப் வயருக்கும் அதே தரம் வேண்டும். ஆம்பியர் சாக்கெட்டில் வயரை விட்டுவிட்டு வோல்டேஜ் அளக்கப் போனால் அது நேரடி ஷார்ட். ஒவ்வொரு முறையும் வயர் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு முனையை வையுங்கள்.

பெரிய பேனலில் விழும் ஒரு நட்டு கூட ஆர்க் ஃப்ளாஷை உண்டாக்கப் போதும். அதன் வெப்பம் சூரியனின் மேற்பரப்பைவிட அதிகம், செம்பு ஆவியாகி வெடிக்கும். ஷாக்கே அடிக்காமல் முகமும் கையும் வெந்துபோவது இதில்தான். நைலான், பாலியஸ்டர் சட்டை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பருத்திதான் போட வேண்டும். பெரிய பேனலுக்கு ஆர்க் தாங்கும் தரம் போட்ட உடையும் முகக் கவசமும் வேண்டும். மோதிரம், செயின், ஸ்டீல் வாட்ச் எல்லாம் வெளியே. டூல்களில் இரட்டை முக்கோண முத்திரையும் 1,000 வோல்ட் என்ற குறியும் இருக்கட்டும். கைப்பிடியில் டேப் சுற்றிய கட்டிங் பிளேயர் இன்சுலேட்டட் டூல் ஆகாது. ரப்பர் கையுறையை ஒவ்வொரு முறையும் போடும் முன் வாய்ப்பகுதியைச் சுருட்டிக் காற்றை அடைத்து, எங்காவது காற்று கசிகிறதா பாருங்கள்.

கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் (பெரிய கரண்ட்டை மீட்டருக்கு ஏற்பச் சிறிதாக்கும் கருவி) உள்ள பேனலில் ஒரு எச்சரிக்கை: லோடு ஓடும்போது அதன் செகண்டரியை (மீட்டருக்குப் போகும் பக்கம்) திறந்து விடக் கூடாது, உயிரைக் குடிக்கும் வோல்டேஜ் அங்கே ஏறிவிடும். மீட்டரைக் கழற்றும் முன் செகண்டரியை ஷார்ட் செய்துவிடுங்கள்.

படி 6: கரண்ட் அல்லாத ஆபத்துகள்

எலக்ட்ரீஷியனை ஏணியும் கொல்லும். நாலு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு வெளியே தள்ளி நிறுத்துங்கள், அலுமினிய ஏணியை மின்வேலைக்குக் கொண்டுவராதீர்கள். லேசான ஷாக்கில் கூட ஆள் உதறிப் பின்னால் விழுவார்.

சுவரை டிரில் செய்யும் முன், ஸ்விட்ச், சாக்கெட்டுகளுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் வயர் ஓடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கண்டறியும் கருவியால் ஒருமுறை தடவிப் பாருங்கள். காங்கிரீட் தூசு நுரையீரலுக்கு நல்லதில்லை, மாஸ்க் போடுங்கள்.

படி 7: நாம் விட்டுவிட்டுப் போகும் ஆபத்து

நாம் சாமானைக் கட்டிக்கொண்டு போன பிறகு அந்த இடத்தில் இருப்பவர்களுக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. அவர்களுக்காகச் செய்யும் வேலையில்தான் தொழில் சுத்தம் தெரியும்.

லூஸ் கனெக்ஷனைப் பாருங்கள். அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் உள்ள ஜாயிண்டில் 10 ஆம்பியர் ஓடினால் 50 வாட் வெப்பம் அந்தச் சின்ன இடத்தில் உண்டாகும். ஒரு சால்டரிங் அயர்னை மரப்பலகைக்குப் பின்னால் ஆன் செய்துவிட்டுப் போவதற்குச் சமம். கரண்ட் கூடவில்லை என்பதால் எம்சிபிக்கு இது தெரியாது. தயாரிப்பாளர் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவில் முறுக்குங்கள், ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள். அலுமினியமும் செம்பும் சேரும் இடத்தில் அதற்கான பைமெட்டல் லக் (இரண்டு உலோகத்தையும் இணைக்கும் முனை) போடுங்கள்.

த்ரீ ஃபேஸில் மெயின் நியூட்ரல் கழன்றால், லோடு குறைவான ஃபேஸில் வோல்டேஜ் 400 வரை ஏறப் பார்க்கும். டிவி, ஃபிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் புகையும். அந்த ஒரு ஸ்க்ரூவை இரண்டு தடவை பாருங்கள்.

எர்த் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "ராடு அடிச்சாச்சு, எர்த் ஆச்சு" என்பது போதாது. ஃபேஸ் பாடியில் பட்டால் எம்சிபி உடனே டிரிப் ஆகும் அளவுக்குக் கரண்ட் ஓட வேண்டும். பி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழ 80 ஆம்பியர் தேவை. 230-ஐ 80-ஆல் வகுத்தால் 2.87 ஓம், அந்த முழுச் சுற்றின் லூப் இம்பிடன்ஸ் (ஃபேஸில் போய் எர்த் வழியாகத் திரும்பும் பாதையின் மொத்தத் தடை) அதற்குக் கீழ் இருக்க வேண்டும். சி வகை என்றால் 160 ஆம்பியர், 1.43 ஓம். இப்போது எர்த் ராடு வழியாக மட்டும் திரும்பும் ஓரிடத்தில் சுற்று 20 ஓம் என்று வையுங்கள். 11.5 ஆம்பியர்தான் ஓடும். எம்சிபி அதைச் சாதாரண லோடு என்று நினைத்து விட்டுவிடும், மெஷினின் பாடி ஆபத்தான வோல்டேஜோடு அப்படியே காத்திருக்கும். ராடை மட்டும் நம்பும் இடங்களில் ஆர்சிடி கட்டாயம் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

படி 8: ஆன் செய்வதற்கு முன்

சப்ளை கொடுக்காமலே முதலில் எர்த் வயரின் தொடர்ச்சி, அடுத்து இன்சுலேஷன், அடுத்து ஃபேஸும் நியூட்ரலும் மாறாமல் இருக்கிறதா என்ற சோதனை. மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) 500 வோல்ட் டிசி கொடுத்துக் குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும் என்பது விதி. புது வயரிங் அதைவிடப் பல மடங்கு அதிகம் காட்டும். புது வேலையில் 2 மெகா ஓம் வந்தால் விதிப்படி தேறினாலும் நான் ஒப்படைக்க மாட்டேன், எங்கேயோ ஈரமோ ஆணியோ இருக்கிறது. எலக்ட்ரானிக் சாமான்களையும், திடீரென ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் சர்ஜ் கருவிகளையும் கழற்றிவிட்டு மெக்கர் போடுங்கள். சோதனை முடிந்ததும் கேபிளில் தங்கிய சார்ஜை இறக்குங்கள்.

ஆன் செய்த பிறகு லூப் இம்பிடன்ஸும் ஆர்சிடி டிரிப் நேரமும் கருவியில் அளங்கள். ஆர்சிடியின் டெஸ்ட் பட்டன் உள்ளிருக்கும் இயக்கத்தை மட்டும்தான் சோதிக்கும், எர்த் இருக்கிறதா என்று அது சொல்லாது. அளந்த எண்களை எழுதிக் கொடுங்கள். டிபியில் ஒவ்வொரு எம்சிபிக்கும் அழியாத லேபிள் ஒட்டுங்கள்.

ஷாக் அடித்துவிட்டால்

ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள். சப்ளையை வெட்டுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த பலகைமேல் நின்று, உலர்ந்த மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆளையோ வயரையோ தள்ளுங்கள். உயர் அழுத்த லைன் என்றால் கிட்டவே போகக் கூடாது, மின்வாரியம் லைனை வெட்டிவிட்டோம் என்று சொல்லும் வரை மற்றவர்களையும் விலக்கி நிறுத்துங்கள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு மூச்சைப் பாருங்கள். மூச்சு இல்லை, அல்லது விட்டுவிட்டுத் திணறுகிறது என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள். பழகியவர் என்றால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஏஇடி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) கிடைத்தால் உடனே மாட்டுங்கள், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்க அதுதான் கருவி. உயரத்திலிருந்து விழுந்தவர் என்றால் கழுத்தைத் திருப்பாதீர்கள்.

எழுந்து உட்கார்ந்து "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் ஈசிஜி எடுங்கள். தோலில் புள்ளி அளவு காயம் தெரிந்தாலும் உள்ளே தசை வெந்திருக்கலாம், துடிப்பு பிறகு தடுமாறலாம். டாக்டரிடம் எத்தனை வோல்ட், எவ்வளவு நேரம், எந்தக் கையில் நுழைந்தது, எங்கே வெளியேறியது என்பதைச் சொல்லுங்கள்.